அப்ப அது வெறும் தண்ணியா?

அக்கா தாமிரபரணியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த அன்று அம்மாவும் வந்திருந்தாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தோம். விடிகாலை ஐந்தரைக்கு ஆட்டோ வந்து நின்றபோது, குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, மடித்த துண்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீர். பாஸ்டர் ஒரு கையை அக்காவின் முதுகுக்குக் கொடுத்து, மறு கையால் அவள் கூப்பியிருந்த கைகளைப் பிடித்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று சொல்லிப் பின்பக்கமாகச் சாய்த்தார். அவள் தலைமுடி ஒரு கணம் தண்ணீரில் விரிந்து மிதந்தது. அப்புறம் எழுந்து மூச்சு வாங்கினாள். கரையில் நின்றவர்கள் பாட ஆரம்பித்தார்கள். அம்மா பாடவில்லை. படியில் இறங்கிப் போய், ஈரம் சொட்ட வந்த நாற்பத்தொரு வயது மகளின் தலையைத் துவட்டிவிட்டாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது துவட்டியது போலவே, காதுக்குப் பின்னால் வரைக்கும்.

அன்று ராத்திரி பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே அக்காவின் ஞானஸ்நானச் சீட்டு. பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து, பாச்சா உருண்டை வாசனையோடு இருந்தது. பெயர், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், குருவானவர் கையெழுத்து. அக்காவுக்கு அப்போது மூன்று மாதம். “ஐப்பசி மழை. சேலைத் தலைப்பால மூடி, கோயிலுக்கு ரெண்டு மைல் நடந்தே தூக்கிட்டுப் போனேன். அப்ப அது வெறும் தண்ணியாலே?” என்று என்னிடம் கேட்டாள். அக்காவிடம் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவும் இல்லை.

அடுத்த மாதம் ஐயர், எங்கள் சபையின் குருவானவர், வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்காமல் சொன்னார்: வேறு இடத்தில் மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்ததால் அக்காவின் பெயர் சபைப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. இனி நற்கருணை கிடையாது. கல்லறைத் தோட்டத்திலும் இடம் கிடையாது. அம்மாவுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் தைத்தது. அப்பா அங்கேதான் இருக்கிறார், வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம், இரண்டாவது வரிசையில். “நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா எங்க கொண்டுபோய் வைக்கது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எனக்கு இரண்டு பக்கமும் கோபம் வந்தது. “குழந்தைக்குத் தெளிச்சது ஞானஸ்நானமே இல்ல தம்பி, விசுவாசிச்சு எடுக்கணும்” என்று உறுதியாகச் சொன்ன அக்கா மேலும் கோபம், பதிவேட்டில் கோடு கிழித்த எங்கள் சபை மேலும் கோபம். யார் சொல்வது சரி என்று வசனத்தை வைத்தே தீர்த்துவிடலாம் என்று கிளம்பினேன். முடியவில்லை. “விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன்” என்று அக்கா மாற்கைக் காட்டினால், “வாக்குத்தத்தம் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்” என்று நான் அப்போஸ்தலர் நடபடிகளைக் காட்டலாம். சிறைச்சாலைக்காரன் வீட்டில் எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்றால், அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்ததா என்று அவள் கேட்பாள். இது ஐந்நூறு வருஷமாக இப்படியே நடக்கிற வழக்கு. அதனால் வசனத்தை விட்டுவிட்டு, இதே வழக்கை உயிரைக் கொடுத்து நடத்தியவர்களின் கதைகளைப் படிக்க ஆரம்பித்தேன். மூன்று வருஷமாகப் படிக்கிறேன். அதில் ஒரு ஆள் என்னை விடவே இல்லை.

தனக்குத்தானே

அவர் பெயர் ஜான் ஸ்மித். கேம்பிரிட்ஜில் படித்து, அங்கேயே பாடம் சொல்லி, இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர். அரசரைத் தலைவராகவும் பேராயர்களை அதிகாரிகளாகவும் வைத்திருக்கும் சபை மெய்யான சபையே அல்ல என்ற முடிவுக்கு வந்து, கெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு சிறு கூட்டத்தோடு பிரிந்துபோனார். பக்கத்து ஊரான ஸ்க்ரூபியில் இருந்தவர்களும் அவருக்கு நெருக்கமானவர்களே; பின்னால் 1620இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போனவர்களில் சிலர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அரசாங்கம் நெருக்கியதும் 1608 வாக்கில் ஸ்மித்தின் கூட்டம் ஆம்ஸ்டர்டாமுக்குக் கப்பலேறியது. அங்கே யான் முன்டர் என்ற வியாபாரிக்கு, மென்னோனைட் என்ற சபைப் பிரிவைச் சேர்ந்தவருக்கு, சொந்தமான ஒரு பெரிய ரொட்டிச் சூளைக் கட்டடத்தில் குடியிருந்தார்கள். ஒரு காலத்தில் கிழக்கே போகும் கப்பல்களுக்கு பிஸ்கோத்து சுட்ட இடம் அது. பல குடும்பங்கள், ஒரே கூரை.

பிரிந்துபோனவர்கள் எல்லோருக்கும் பிடித்த வசனம் ஒன்று உண்டு: “நீங்கள் அவர்கள் நடுவிலிருந்து புறப்பட்டுப் பிரிந்துபோய், அசுத்தமானதைத் தொடாதிருங்கள்.” அக்காவின் பாஸ்டரும் அன்று ஆற்றங்கரையில் அதைத்தான் வாசித்தார். ஸ்மித் அந்த வசனத்தை மற்றவர்களைவிட நேர்மையாக எடுத்துக்கொண்டார். நாம் விட்டுவந்த சபை பொய்யான சபை என்கிறோமே, அப்படியென்றால் அந்தச் சபை கொடுத்த ஞானஸ்நானம் மட்டும் எப்படி மெய்யானது? ஞானஸ்நானம் மெய் என்றால் சபையும் மெய். திரும்பிப் போய்விட வேண்டும். சபை பொய் என்றால் ஞானஸ்நானமும் பொய். புதிதாக எடுக்க வேண்டும். நடுவில் நிற்க இடமில்லை. இங்கிலாந்திலிருந்து பிரிந்து வந்து ஏற்கெனவே ஆம்ஸ்டர்டாமில் இருந்த மற்றக் கூட்டத்தார் பழைய ஞானஸ்நானத்தை வைத்துக்கொண்டே புதிய சபை நடத்தினார்கள். ஸ்மித்துக்கு அது பொறுக்கவில்லை.

சரி, புதிதாக எடுக்கலாம். யார் கொடுப்பது? இந்தக் கேள்வியில்தான் நான் நாள் கணக்கில் நின்றுபோனேன். அறையில் இருக்கும் ஒருவருக்கும் மெய்யான ஞானஸ்நானம் இல்லை. இல்லாததை யாரும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. 1609இன் தொடக்கத்தில் ஸ்மித் தண்ணீரை எடுத்துத் தன் தலையில் தானே ஊற்றிக்கொண்டார். பிறகு தன் கூட்டத்தில் இருந்த சிநேகிதர் தாமஸ் ஹெல்விஸுக்கு ஊற்றினார், பிறகு மற்றவர்களுக்கு. ஏறக்குறைய 40 பேர். விசுவாசித்தவர்களுக்கு மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்கிற பாப்டிஸ்டுகள் தங்கள் வரலாற்றை இந்த இடத்திலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் மற்ற ஆங்கிலேயர்கள் திகைத்துப்போனார்கள். தன்னைத்தானே ஞானஸ்நானம் பண்ணிக்கொண்டவன் என்பது அவருக்குப் பட்டப்பெயரே ஆகிவிட்டது. ஸ்மித்திடம் அதற்கும் பதில் இருந்தது. ஞானஸ்நானம் இல்லாத இரண்டு பேர் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டு சபையைத் தொடங்கலாம் என்றால், ஒருவர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்வதில் என்ன குறை? தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

ஊற்றினார் என்று எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். ஆம், ஊற்றினார், முக்கவில்லை. ஆங்கிலேய பாப்டிஸ்டுகளிடம் முழுக்கு வந்து சேர 1640களின் தொடக்கம் ஆனது. 1525இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் முதன்முதலாகப் பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோதும் தலையில்தான் ஊற்றினார்கள். எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளைகளில் எவ்வளவு நேரம் முழுக்கா தெளிப்பா என்று பேசியிருக்கிறோம்! அந்த மனிதர்களின் கவலை தண்ணீரின் அளவு பற்றியதே அல்ல. இந்தத் தண்ணீரைக் கொடுக்கும் கை யாருடையது, வாங்குகிறவன் தன் வாயால் சம்மதம் சொன்னானா என்பதுதான் அவர்கள் கேள்வி.

கரையில் நின்ற இன்னொரு அம்மா

சூரிச் என்றதும் இதைச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஊர்ப் போதகர் ஸ்விங்லி நடத்திய சபைச் சீர்திருத்தம் நகர மன்றத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அவருடைய மாணவர்களாக இருந்த சில இளைஞர்கள், குழந்தை ஞானஸ்நானத்துக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்றார்கள். 1525 ஜனவரியில் விவாதம் நடத்தி, பிறந்த குழந்தைகளுக்கு எட்டு நாளுக்குள் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், மறுத்தால் நகரத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று மன்றம் உத்தரவு போட்டது. ஜனவரி 21 ராத்திரி ஃபீலிக்ஸ் மான்ஸ் வீட்டில் அவர்கள் கூடினார்கள். கான்ராட் கிரேபெல் கையால் ஜார்ஜ் பிளாவ்ராக் ஞானஸ்நானம் பெற்றார். பிளாவ்ராக் மற்றவர்களுக்குக் கொடுத்தார். அடுத்த வருஷமே, மறு ஞானஸ்நானம் கொடுத்தால் தண்ணீரில் மூழ்கடித்துக் கொல்வது என்று சட்டம் வந்தது. 1527 ஜனவரி 5ஆம் தேதி மான்ஸைப் படகில் ஏற்றி லிம்மாட் ஆற்றின் நடுவே கொண்டுபோனார்கள். கைகளைக் கட்டி, முழங்காலுக்கு மேல் இழுத்து, இடையில் ஒரு கழியைச் செருகி, தள்ளிவிட்டார்கள்.

ஸ்விங்லிக்குப் பிறகு அந்தச் சபையை நடத்திய புல்லிங்கர் இந்த மறு ஞானஸ்நானக்காரர்களுக்குக் கடும் எதிரி. அவரே எழுதி வைத்திருக்கிறார்: மான்ஸின் தாயும் சகோதரனும் கரையில் நின்று, உறுதியாக இரு என்று அவனைத் தேற்றினார்கள். அந்த வரியைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அந்தத் தாயும் ஒரு நாள் அவனைக் குழந்தையாகக் கோயிலுக்குத் தூக்கிப் போயிருப்பாள். அந்த ஊரில் அப்போது எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் போனார்கள். அந்தத் தண்ணீரை வேண்டாம் என்று சொன்னதற்காகவே மகனைத் தண்ணீரில் தள்ளுகிறார்கள். அவள் மனசுக்குள் என்ன இருந்தது என்று யாரும் எழுதவில்லை. எனக்குத் தாமிரபரணிப் படியில் துண்டோடு நின்ற அம்மாதான் கண்ணில் வந்தாள்.

1529இல் ஸ்பெயர் நகரத்தில் கூடிய பேரவை, மறு ஞானஸ்நானத்துக்கு மரண தண்டனை என்று பரிசுத்த ரோம சாம்ராஜ்யம் முழுவதற்கும் அறிவித்தது. அதற்குப் பழைய ரோமச் சட்டத்தைத் தூசிதட்டி எடுத்தார்கள். கறைபட்ட குருமார் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று ஆப்பிரிக்காவில் பிரிந்துநின்ற டொனாட்டிஸ்டுகளோடு நடந்த சண்டையின் மிச்சம் அது. அந்தச் சண்டையில் பேராயர் அகுஸ்தீன் சொன்னது என் மனசுக்கு ரொம்பப் பிடித்த ஒன்று: யூதாஸே ஞானஸ்நானம் கொடுத்திருந்தாலும் அதைக் கொடுத்தவர் கிறிஸ்துதான், கொடுக்கிற கை அழுக்கானது என்பதால் தண்ணீர் கெட்டுவிடாது. இதுவே அம்மாவின் கேள்விக்குப் பதில் என்று துள்ளிக் குதித்தேன். ஆனால் அதே அகுஸ்தீன்தான், அரசாங்கத்தின் பலத்தைக் கொண்டு டொனாட்டிஸ்டுகளைச் சபைக்குள் கொண்டுவரலாம் என்பதையும் பிற்பாடு ஏற்றுக்கொண்டார். உபதேசம் சரியாக இருந்தது. அதைப் பிடித்திருந்த கை சாட்டையையும் பிடித்தது. எங்கள் பதிவேட்டில் விழுந்த கோட்டைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. ஒரே ஞானஸ்நானம் என்று சொல்வது சரி. அதைக் காப்பாற்ற ஒரு பெண்ணின் பெயரை அடிப்பது சரியில்லை.

கதவு திறந்த இடம்

ஸ்மித்துக்குத் திரும்புவோம். தண்ணீர் காய்ந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை, அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தாங்கள் குடியிருந்த கட்டடத்தின் சொந்தக்காரரும் அவருடைய சபையாரும், விசுவாசிகளுக்கு மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்கிற மென்னோனைட்டுகள். அவர்கள் மெய்யான சபை என்றால், பக்கத்திலேயே மெய்யான சபை இருக்கும்போது நான் ஏன் எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன்? அவசரப்பட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு, தங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி 1610இல் அவர்களிடம் மனுப்போட்டார். ஹெல்விஸ் கொதித்துப்போனார். அப்போஸ்தலர் காலத்திலிருந்து கைமாறி வந்தால்தான் செல்லும் என்றால் நாம் எதற்கு ரோமையும் இங்கிலாந்தையும் விட்டுவந்தோம் என்பது அவர் கேள்வி. தன்னோடு நின்ற சுமார் பத்துப் பேரோடு பிரிந்து, தனக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஸ்மித்தையே சபையிலிருந்து நீக்கினார்.

ஹெல்விஸை நான் குறைவாக நினைக்கவில்லை. துன்பத்துக்குப் பயந்து ஓடிவந்தது தவறு என்று முடிவுசெய்து, லண்டனுக்கே திரும்பிப் போனார். 1612இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில், அரசரும் சாகப்போகிற மனிதரே, கடவுள் அல்ல, குடிமக்களின் ஆத்துமா மேல் அவருக்கு அதிகாரம் இல்லை என்று முதலாம் ஜேம்ஸ் அரசருக்கே எழுதினார். நியூகேட் சிறையில் போட்டார்கள். சில வருஷங்களில் இறந்துபோனார். எந்த மதமானாலும் அரசு கைவைக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் அத்தனை துணிச்சலாக அவருக்கு முன் எழுதியவர்கள் அபூர்வம்.

ஆனால் என்னைப் பிடித்துவைத்திருப்பது ஸ்மித்தின் கடைசி நாட்கள். மென்னோனைட்டுகள் தயங்கினார்கள், ஆலோசித்தார்கள், காலம் போனது. அவருக்குக் காசநோய். மனு நிலுவையில் இருக்கும்போதே கடைசியாக ஒன்று எழுதினார். ஒரு காலத்தில் அவர் பேனாவுக்கு எதிராளிகள் நடுங்கியிருக்கிறார்கள். குழந்தை ஞானஸ்நானத்தை வெளிப்படுத்தின விசேஷத்து மிருகத்தின் அடையாளம் என்றே புத்தகத் தலைப்பில் வைத்தவர். அந்த மனிதர் கடைசி எழுத்தில், தான் பிறரைத் தீர்த்த தீர்ப்புகளில் அன்பு இல்லாமல் போனது என்று அறிக்கையிட்டார். வெளிச்சபை, சடங்குகள் பற்றி இனி யாரோடும் வழக்காடுவதில்லை. மனந்திரும்பி விசுவாசமாக இருக்கிற எவரையும், அவர் எந்தப் பக்கத்தவரானாலும், சகோதரர் என்று ஏற்பதைவிட்டு விலகுவதில்லை என்று எழுதினார். குழந்தைகளுக்குக் கொடுப்பது சரி என்று அவர் மாறிவிடவில்லை. கொள்கையில் நின்ற இடத்திலேயே நின்றார். கதவைச் சாத்துவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

இது ஒரு நோயாளியின் தளர்ச்சியாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் ரோஜர் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் போதகரைப் பற்றிப் படித்தேன். இங்கிலாந்துச் சபையோடு ஒட்டுறவை முழுசாக அறுக்கவில்லை என்று பாஸ்டன் சபையின் வேலையையே மறுத்தவர். மாசசூசெட்ஸிலிருந்து துரத்தப்பட்டு 1636இல் பிராவிடன்ஸ் என்ற ஊரைத் தொடங்கினார். 1639 வாக்கில் எசேக்கியேல் ஹாலிமன் என்பவர் கையால் மறு ஞானஸ்நானம் பெற்று, பிறகு இவர் ஹாலிமனுக்கும் இன்னும் சிலருக்கும் கொடுத்தார். சில மாதத்தில் இவருக்கும் அதே சந்தேகம்: ஹாலிமனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அந்தச் சபையையும் விட்டார். மாசசூசெட்ஸ் ஆளுநர் வின்த்ராப் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: கொஞ்ச காலம் முன்புவரை தன் மனைவியைத் தவிர வேறு யாரோடும் ஐக்கியம் வேண்டாம் என்றிருந்தவர், இப்போது வருகிற எல்லோருக்கும் பிரசங்கித்து எல்லோரோடும் ஜெபிப்பேன் என்கிறார்.

மனைவியைத் தவிர யாரும் வேண்டாம் என்பதற்கும், வருகிற எல்லோரும் வரட்டும் என்பதற்கும் நடுவே சில மாதங்கள்தான். பிரிவை அரைகுறையாகச் செய்கிறவர்கள் எங்காவது ஒரு புள்ளியில் கோட்டைப் போட்டு, இந்தப் பக்கம் நாங்கள் என்று உட்கார்ந்துவிடலாம். இந்த இரண்டு பேரும் கோட்டைத் தங்களை நோக்கி இழுத்துக்கொண்டே வந்தார்கள். இங்கிலாந்துச் சபை வேண்டாம், பிரிந்தவர்களின் சபையும் வேண்டாம், கூட இருக்கிறவனின் ஞானஸ்நானமும் வேண்டாம். கடைசியில் ஒருவர் தன் தலையில் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார், இன்னொருவர் மனைவியோடு மட்டும் முழங்கால்படியிட்டார். அவ்வளவு தூரம் வந்து பார்த்த பிறகுதான் இருவரும் எல்லோருக்கும் கதவைத் திறந்தார்கள்.

இதைப் படித்த பிறகு அக்காவிடம் வாதாடுவதை நிறுத்தினேன். அவள் சொன்னதில் எனக்கு உறைத்த ஒன்று உண்டு: “நம்ம கோயில்ல என்னைய ஒரு நாளாவது, நீ விசுவாசிக்கியான்னு கேட்டாங்களா தம்பி?” வளர்ந்த பிள்ளைகள் தங்கள் வாயால் விசுவாசத்தை அறிக்கையிடும் திடப்படுத்தலின்போது கேட்டார்கள்தான். பதினான்கு வயதில், வரிசையில் நின்று, மனப்பாடம் செய்த பதிலைச் சொன்னோம். அதைக் கேள்வி என்று சொல்ல எனக்கும் நா எழவில்லை. எங்கள் சபையில் ஞானஸ்நானம் மெல்ல மெல்ல, கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் வேண்டிய ஒரு சீட்டாகிப்போனது. அதற்கு அக்கா காரணமில்லை. ஆனாலும் அந்த ஐப்பசி மழையில் நடந்ததை நான் வெறும் தண்ணீர் என்று சொல்லமாட்டேன். அவள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே ஒருவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தார் என்று நம்புகிறேன். நாற்பத்தொரு வயதில் ஆற்றில் இறங்கி அவள் சொன்ன பதிலும் அந்த அழைப்புக்குத்தான் என்று நம்புகிறேன். ஞானஸ்நானம் இரண்டு தரம் இல்லை. அவள் சொன்ன பதில் என்னவோ அன்றுதான் வந்தது. 1970இல் வட இந்தியத் திருச்சபை ஒன்றிணைந்தபோது, பாப்டிஸ்டுகளும் உள்ளே வந்தார்கள்; குழந்தை ஞானஸ்நானம், விசுவாசி ஞானஸ்நானம் இரண்டையும் ஒரே சபைக்குள் அருகருகே வைத்துக்கொள்வது என்று ஒப்பினார்கள். முடியாத காரியம் இல்லை. இதை வைத்து எங்கள் சேகரக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அக்காவின் பெயரைத் திரும்ப எழுத வேண்டும் என்று. இன்னும் பதில் இல்லை.

போன கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாவிடம் ஸ்மித் கதையை முழுசாகச் சொன்னேன். ரொட்டிச் சூளை, தலையில் தானே ஊற்றிக்கொண்டது, பிரிந்துபோன சிநேகிதன், நோய், கடைசி எழுத்து எல்லாம். பிசைகிற கையை நிறுத்தாமல் கேட்டாள்.

“அந்த மென்னோனைட்காரங்க அவரைச் சேத்துக்கிட்டாங்களா?”

“அவர் கூட்டத்தைச் சேத்துக்கிட்டாங்கம்மா, 1615ல. அவர் 1612லயே செத்துட்டார்.”

“அப்ப எந்தச் சபையிலயும் இல்லாமத்தான் செத்தாரு.”

“ஆமா.”

கை நின்றது. “எங்க அடக்கம் பண்ணுனாங்க?”

“ஆம்ஸ்டர்டாம்லயே. புதுக் கோயில்னு பேரு. பெரிய கோயில்.”

“அது யாரு கோயில்?”

“அந்த ஊர்ச் சபையோட கோயில். குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கிற சபை. அவர் அதுல ஒரு நாளும் இருந்ததில்ல.”

அம்மா கொஞ்ச நேரம் மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இடம் கொடுத்திருக்காங்க,” என்றாள். அப்புறம், எண்ணெய் காய்ந்துவிட்டதா பார் என்றாள்.